அவஸ்தையும் ஆதரவும்

நள்ளிரவில் அறைவீட்டுக் கதவு தட்டப்படுமானால் அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் உண்டு என்பதை எந்தப் பங்குத்தந்தையும் அறிவார். "சாமி, அவஸ்தை கொடுக்கணும், சீக்கிரம் வாங்க" என்று வாசலில் நிற்பவர் மூச்சிரைக்கக் கூறுவார். எண்ணெய்ச் சிமிழோடும் நற்கருணையோடும் நாம் விரைந்து சென்று சேரும்போது நோயாளி நினைவிழந்து கிடப்பார். ஒப்புரவு பெற அவருக்கு வாய்ப்பில்லை. நற்கருணை உட்கொள்ளவும் இயலாது. விசாரித்தால், அவர் படுக்கையில் விழுந்து நான்கு மாதங்கள் ஆகியிருக்கும். அந்த நான்கு மாதங்களில் ஒருமுறையேனும் ஏன் அழைக்கவில்லை என்று கேட்டால், "உங்களப் பார்த்தா பயந்துருவாங்க சாமி, அதான்..." என்று வீட்டார் தலைகுனிவார்கள்.

இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. நம் முன்னோர் இந்த அருட்சாதனத்தை 'அவஸ்தைப் பூசுதல்' என்றே அழைத்தனர். அவஸ்தை என்பது உயிர் பிரியும் வேளையின் போராட்டம். பெயரே இப்படியிருக்க, அதைக் கொண்டுவரும் குருவும் சாவின் தூதராகவே தோன்றியதில் வியப்பில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், 'நோயில் பூசுதல்' என்னும் பெயரே இதற்கு மிகப் பொருந்தும் என்றும், இது சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்குமுறையையும் புதுப்பித்தார். புனித யாக்கோபு தம் திருமுகத்தில், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும் என்றுதான் அறிவுறுத்துகிறார். நினைவு தப்பும்வரை காத்திருக்குமாறு அவர் கூறவில்லை. நூல்களில் பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மக்களின் நாவிலும் நெஞ்சிலும் பழைய பெயரே குடியிருக்கிறது.

இதே அச்சம் அண்மைக் காலமாக வேறொரு பெயரையும் பற்றிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். 'ஹாஸ்பிஸ்' என்பது அப்பெயர். குணமாக்க இயலாத நோயுற்றோரை, அவர்தம் வலியைத் தணித்து, இறுதிவரை மாண்போடு வாழவைக்கும் பராமரிப்பு இது. மருத்துவத்தில் இதைத் தன்னகத்தே கொண்ட பரந்த துறையை 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கிறோம். "அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்" என்று யாரைப் பற்றியேனும் கேள்விப்பட்டவுடன், அவருக்கு ஆன்ம இளைப்பாற்றிச் செபம் சொல்லத் தொடங்கிவிடுவோரை நாம் அறிவோம். பூசுதலைத் தள்ளிப்போடுவது போலவே இந்த ஆதரவையும் குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. முடிவில் இரண்டுமே மிகத் தாமதமாக வந்து சேர்கின்றன. இரண்டுமே உயிரோடு இருப்பவருக்காக ஏற்பட்டவை என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களின் வேரைச் சற்றே தோண்டிப் பார்ப்போம். இலத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்னும் ஒரே சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தோம்புபவரையும் குறிக்கும். இடைக்காலத்தில் திருப்பயணிகளும் வழிப்போக்கரும் தங்கி இளைப்பாறத் துறவியர் நடத்திய விடுதிகளுக்கு இச்சொல்லிலிருந்தே பெயர் பிறந்தது. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மண்ணில் பிறந்த நமக்கு இது அயலான கருத்தன்று. ஆதரவு சிகிச்சையைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லோ 'பாலியம்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதற்கு மேலாடை, போர்வை என்று பொருள். பேராயர்கள் தோளில் அணியும் கம்பளிப் பட்டைக்கும் அதுவே பெயர். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையைப் பாதியாக வெட்டிக் கொடுத்த தூர் நகர்ப் புனித மார்ட்டினை நாம் நினைத்துக்கொள்ளலாம். அந்த அரைப் போர்வையால் ஊரின் குளிர் நீங்கிவிடவில்லை. ஆயினும் அந்த மனிதருக்குக் குளிர் நீங்கிற்று.

இப்பணி திருச்சபையின் மடியில் வளர்ந்தது என்பதை நம் மக்களுள் பலர் அறியார். பிரான்சின் லியோன் நகரில் 1842-ஆம் ஆண்டில் கைம்பெண்ணான ஜான் கார்னியே, தம்மைப் போன்ற கைம்பெண்களை ஒன்றுசேர்த்து, யாரும் தொட அஞ்சிய நோயாளரைப் பராமரிக்கத் தொடங்கினார். அயர்லாந்தின் டப்ளின் நகரில், அன்னை மேரி ஐக்கன்ஹெட் நிறுவிய அன்புச் சகோதரிகள் சபையார் 1879-இல் அன்னை மரியாவின் பெயரால் ஓர் இல்லம் திறந்தனர். அவர்களே 1905-இல் இலண்டனின் ஏழைகள் வாழ்ந்த ஹாக்னிப் பகுதியில் புனித சூசையப்பர் இல்லத்தைத் தொடங்கினர். நல்மரணத்தின் பாதுகாவலர் பெயரை அவர்கள் சூட்டியது தற்செயலன்று.

அந்தச் சூசையப்பர் இல்லத்திற்கு 1958-இல் பணியாற்ற வந்தவர்தாம் சிசிலி சாண்டர்ஸ். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவர். முதலில் செவிலியர், முதுகுவலியால் அப்பணியை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார், பின்னர் முப்பது வயதைக் கடந்த நிலையில் மருத்துவம் பயின்றார். அவர் சமூகப் பணியாளராக இருந்தபோது, வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் ஒருவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். இறுதிக்கால நோயாளருக்கென ஓர் இல்லம் அமைவது குறித்து இருவரும் உரையாடினர். 1948-இல் இறந்த அவர், அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்க விரும்புவதாகக் கூறி 500 பவுண்டு விட்டுச் சென்றார். சன்னல் முதலில் வந்தது. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. பயணிகளின் பாதுகாவலர் பெயர் அது. 2005-இல் சிசிலி சாண்டர்ஸ் உயிர்நீத்ததும் அதே இல்லத்தில்தான்.

அவர் உலகுக்குக் கற்பித்தவற்றுள் இரண்டைக் குறிப்பிடுவோம். முதலாவது, வலி வந்து நோயாளி கதறியபின் மருந்து கொடுப்பதை விடுத்து, வலி தலைதூக்கும் முன்னரே மணிக்கணக்குத் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்பது. இரண்டாவது, 'முழுமையான வலி' என்னும் கருத்து. உடல் நோகிறது, 'பிள்ளைகள் என்ன ஆவார்கள்' என்று மனம் நோகிறது, கடன் நெரிக்கிறது, 'கடவுள் என்னைத் தண்டிக்கிறாரோ' என்று ஆன்மா நோகிறது. இவை தனித்தனி வலிகள் அல்ல, ஒன்றாகவே வலிக்கின்றன. எனவே மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், அருட்பணியாளர், குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகவே அதைத் தணிக்க வேண்டும். கெத்சமனியில் ஆண்டவர் சீடரிடம் கேட்டது தம் துன்பத்தை நீக்கும்படியன்று, தம்மோடு விழித்திருக்கும்படியே. இந்த விழித்திருத்தலையே தம் இல்லத்தின் அடித்தளமாகச் சிசிலி சாண்டர்ஸ் கொண்டார்.

நம் நாட்டில், 1952-இல் அன்னை தெரேசா காளிகாட்டில் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்தை அறியாதார் இலர். தெருவில் கிடந்தோருக்கு அவர் அளித்த மாண்பை உலகே வணங்கியது. அதனாலேயே, ஹாஸ்பிஸ் என்றால் ஆதரவற்றோருக்கு மட்டுமானது என்னும் எண்ணமும் வேரூன்றியிருக்கக்கூடும். 1986-இல் மும்பை பாந்த்ராவில், மவுண்ட் மேரி திருத்தலத்தின் அருகே, புற்றுநோய் மருத்துவர் எல். ஜே. டிசூசா தொடங்கிய சாந்தி அவேத்னா இல்லமே இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் என்று குறிக்கப்படுகிறது. குடும்பமும் உறவும் உடையோரே இத்தகைய இல்லங்களுக்குப் பெரிதும் வருகின்றனர். உறவு இருந்தும், வலியைத் தணிக்கும் வழியறியாது அவ்வுறவு தவிக்கிறது என்பதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் அருட்சகோதரியர் நடத்தும் அத்தகைய இல்லம் ஒன்றில் திருப்பலி நிறைவேற்ற நாம் சென்றிருந்தோம். அங்கே மார்பகப் புற்றுநோயால் புண் வெடித்த ஒரு தாயைச் சந்தித்தோம். ஓராண்டாக அவர் கோவிலுக்குச் சென்றதில்லை. உடல் வலுவின்மை காரணமன்று; புண்ணின் நாற்றமே காரணம். பக்கத்தில் அமர்பவர் முகம் சுளிப்பதைக் காண அவருக்கு மனமில்லை. வீட்டிலும் தாமாகவே திண்ணைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாராம். இல்லத்தின் செவிலியச் சகோதரி செய்தது பெரிய வித்தையன்று. புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரைகளைப் பொடித்து அதன்மேல் தூவி, நாள்தோறும் கட்டு மாற்றினார். எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை அது. சில நாள்களில் நாற்றம் அடங்கியது. நாம் சென்ற அன்று அந்தத் தாய் சிற்றாலயத்தின் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். நோய் இம்மியும் குறையவில்லை. ஆயினும் அவர் இறைமக்களின் நடுவே திரும்பி வந்துவிட்டார். தொழுநோயாளரைத் தொட்டு ஊருக்குள் மீண்டும் சேர்த்த ஆண்டவரின் செயலை இதைவிடத் தெளிவாக விளக்கும் மறையுரையை நாம் நிகழ்த்தியதில்லை.

'ஆதரவு சிகிச்சை என்றால் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்றுதானே பொருள்?' என்பது பொதுவான ஐயம். லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியர், குற்றுயிராய்க் கிடந்தவர் பிழைப்பாரா மாட்டாரா என்று கணக்கிட்டுப் பார்க்கவில்லை. எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினார், சாவடியில் சேர்த்தார், இரண்டு தெனாரியம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020-இல் 'நல்ல சமாரியர்' என்னும் பெயரிலேயே ஒரு மடல் வெளியிட்டது. குணமாக்க இயலாதவர், அதனாலேயே கவனிக்க இயலாதவர் ஆகிவிடுவதில்லை என்பது அதன் சாரம். மருத்துவ ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களின் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மேலும், மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.7 மாதங்கள் கூடுதலாகவும் அவர்கள் வாழ்ந்தனர். ஆதரவு சாவை விரைவுபடுத்தும் என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது!

அடுத்த அச்சம் மார்ஃபின் பற்றியது. அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்தாதலால், 'கொடுத்தால் அடிமையாகிவிடுவார், அல்லது அதோடு முடிந்துவிடுவார்' என்று அஞ்சுகின்றனர். புற்றுநோயின் கடும் வலிக்கு அதை வாய்வழியாக, நேரந்தவறாமல் கொடுக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 1986-லேயே வழிகாட்டியது. குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாகக் கூட்டுவது முறை. முதற் சில நாள்களில் மயக்கமும் குமட்டலும் இருக்கலாம்; அவை அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் தொடருமாதலால் அதற்கான மருந்தையும் உடன் கொடுப்பர். வலியின் அளவறிந்து மருத்துவர் கொடுக்கும்போது அது உயிரைப் பறிப்பதில்லை, அடிமைப்படுத்துவதும் அரிது. போதைப்பொருள் தடுப்புக்காக 1985-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் பல இம்மருந்தை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. மருத்துவத் தேவைக்காக அபின் விளைவிக்கும் இந்நாட்டிலேயே நோயாளர் அம்மருந்தின்றித் துடித்தனர். 2014-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அக்கெடுபிடிகளைத் தளர்த்தியது. சட்டத்தின் அச்சம் தளர்ந்த அளவுக்குக் குடும்பங்களின் அச்சம் இன்னும் தளரவில்லை.

பக்தியுள்ளோர் சிலர் நம்மிடம் எழுப்பும் கேள்வி இவற்றினும் ஆழமானது. "சிலுவையடியில் கொடுத்த ரசத்தை ஆண்டவரே குடிக்கலையே சாமி? வலியை ஒப்புக்கொடுக்காம மருந்து குடிக்கலாமா?" இக்கேள்விக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் முன்னிலையில் விடையளித்துவிட்டார். துன்பத்தை விரும்பி ஏற்பது ஒருவரின் உள்ளத்திலிருந்து எழும் காணிக்கையாக இருக்கலாம். ஆனால் அது எவர்மீதும் சுமத்தப்படும் கடமையன்று. மேலும், தம்மிடம் வந்த நோயாளர் எவரையும் 'பொறுத்துக்கொள்' என்று கூறி இயேசு திருப்பி அனுப்பியதாக நற்செய்தியில் ஓரிடமும் இல்லை. அவரும்கூடத் துன்பக் கிண்ணம் அகலாதா என்று தந்தையிடம் மன்றாடினார். கடும் வலி செபிக்கும் ஆற்றலையே பறித்துவிடும் என்பதைப் படுக்கையருகே அமர்ந்தோர் அறிவர். "வலி கொறஞ்ச பிறகுதான் சாமி செபமாலையக் கையில எடுக்க முடிஞ்சுது" என்று நோயுற்ற ஒருவர் நம்மிடம் கூறியதுண்டு. ஒப்புக்கொடுக்கவும் ஒரு மனம் மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா?

இதைக் கருணைக்கொலையோடு குழப்புவோரும் உளர். கருணைக்கொலை துன்புறுபவரை அகற்றித் துன்பத்தை அகற்றப் பார்க்கிறது. ஆதரவு சிகிச்சையோ துன்புறுபவரை அணைத்துக்கொண்டு துன்பத்தைத் தணிக்கிறது. சாவை விரைவுபடுத்துவதும் இல்லை. பயனற்ற கருவிகளால் அதை இழுத்தடிப்பதும் இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, நோயாளருக்குப் பெருஞ்சுமையாகி, பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது முறையானதே என்கிறது. ஆதரவு சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் சிறந்த வடிவமென்று கூறி ஊக்குவிக்கிறது. உடல் ஏற்கும்வரை உணவும் நீரும் எவருக்கும் மறுக்கப்படலாகாது. ஏற்க இயலாத இறுதி நாள்களில், ஊட்டியே தீருவோம் என்று வாயில் திணிப்பது பாசமாகத் தோன்றினும் அது மூச்சடைக்கும் துன்பமே. ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டு அருகே அமர்ந்திருப்பதும் ஊட்டுதலே.

இனி, மருந்தால் தீராத ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். முதிர்ந்த உபதேசியார் ஒருவர் தொண்டைப் புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். அவர்தம் மக்கள் எம்மை வாசலிலேயே நிறுத்தி, "அப்பாவுக்கு என்ன நோயின்னு தெரியாது சாமி, வயித்துப் புண்ணுன்னு சொல்லியிருக்கோம், தயவுசெஞ்சு சொல்லிராதீங்க" என்று கெஞ்சினர். உள்ளே சென்றோம். பிள்ளைகள் தேநீர் எடுத்துவரச் சென்ற சமயம் பார்த்து, அப்பெரியவர் நம் கையைப் பற்றி, கம்மிய குரலில், "எனக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும் சாமி. புள்ளைங்ககிட்ட சொல்லிராதீங்க, தாங்க மாட்டாங்க" என்றார். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் காப்பதாக எண்ணித் தனித்தனியே அழுதுகொண்டிருந்தனர். மூத்த மகனைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், 'உங்களுக்கு என்னப்பா தோணுது?' என்று மட்டும் கேளுங்கள்" என்றோம். இரண்டு நாள்கள் கழித்து அவர் கேட்டார். அன்றிரவு வெகுநேரம் அவ்வீட்டில் விளக்கு எரிந்ததாகப் பக்கத்து வீட்டார் கூறினர். அடுத்த ஞாயிறு நோயில் பூசுதலை அவர் முழு நினைவோடு, பேரப்பிள்ளைகள் சூழ, தாமே பதிலுரை சொல்லிப் பெற்றார். நிலத்தகராறால் பத்தாண்டுகளாகப் பேசாதிருந்த தம்பியும் அன்று வந்திருந்தார். அதன்பின் ஏழு வாரங்கள் அவர் வாழ்ந்தார். உண்மையைச் சொல்வதால் நம்பிக்கை போய்விடும் என்கின்றனர். போவது பொய்யான நம்பிக்கை. அது போன இடத்தில் மன்னிப்பும் விடைபெறுதலும் வந்து அமர்கின்றன.

'ஹாஸ்பிஸில் சேர்த்தால் பெற்றோரைத் தள்ளிவிட்டான் என்று ஊர் பேசுமே' என்று அஞ்சும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஹாஸ்பிஸ் என்பது கட்டடம் மட்டுமன்று; வீடு தேடி வரும் பராமரிப்பும் அதுவே. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் தொடங்கிய சங்கம் இதற்குச் சான்று. அங்கே பிறந்த இயக்கத்தில் ஆசிரியர், வணிகர், மாணவர், ஆட்டோ ஓட்டுநர் என எளிய மக்களே பயிற்சி பெற்று, தம் தெருவின் நோயாளரைத் தாமே கவனிக்க முன்வந்தனர். 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழகத்தில் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது, வீட்டிற்கே வந்து அளிக்கும் நோய் ஆதரவு சேவையும் அதில் சேர்க்கப்பட்டது. புற்றுநோயாளருக்கு மட்டுமன்று, சிறுநீரகம் செயலிழந்தோர், பக்கவாதத்தால் முடங்கியோர், முதுமையில் நினைவிழந்தோர் ஆகியோருக்கும் இந்த ஆதரவு உரியது.

நம் பங்குகளில் அன்பியங்கள் உள்ளன. வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் உள்ளன. ஓர் அன்பியத்தில் நெடுநாள் நோயாளர் எத்தனை பேர் என்னும் பட்டியல் உண்டா? படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் முறையை இளையோர்க்குக் கற்றுத்தரச் செவிலியர் ஒருவரை அழைக்கலாம். இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகள் ஒருத்திக்கு வாரம் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணி நேரம் உறங்க வழிசெய்யலாம். உலக நோயாளர் நாளாகிய பிப்ரவரி 11 அன்று கோவிலில் பூசுதல் வழங்கப்படும்போது, இன்னும் நடமாட முடிகிறவர்களும் நாணமின்றி முன்வரலாம். கடும் நோய் உறுதியாகும் அன்றே, "ஆதரவு சிகிச்சை எங்கே கிடைக்கும்?" என்று மருத்துவரிடம் கேட்கலாம், அன்றே நமக்கும் சொல்லி அனுப்பலாம். பகலில் வந்து அழையுங்கள். நோயாளி தாமே புன்னகைத்து வரவேற்கும் நிலையில் இருக்கும்போது அழையுங்கள்.

ஐம்பத்து மூன்று மணி செபமாலையில் ஐம்பத்து மூன்று முறை இரண்டு வேளைகளுக்காக அன்னையின் பரிந்துரையை வேண்டுகிறோம்: ஒன்று இப்பொழுது, மற்றொன்று நம் இறப்பின் வேளை. பல ஆண்டுகள் சாவுப்படுக்கைகளின் அருகே நின்றபின் நமக்குத் தோன்றுவது இதுதான்: அந்த இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நாள்களிலும் அன்னை சிலரை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கட்டு மாற்றும் சகோதரியாக, மருந்து அளந்து ஊற்றும் பேரனாக, தகராறு மறந்து வந்து நிற்கும் தம்பியாக. அப்படி அனுப்பப்படுவோருள் ஒருவராக நாமும் இருக்கச் சம்மதிப்பதே, அச்செபத்தை நாம் உண்மையாகவே சொல்கிறோம் என்பதற்கு அடையாளம்.